நிறுத்தத்தில் ஒரு வலக்கால்

பிப்ரவரி 9

அருமை மாப்பிள்ளைக்கு,

உன் மச்சான் நலம். உன் அக்காவும் நலம். என் இரு முழங்கைகள் மட்டும், நிகழ்ச்சி முடிந்த இந்த மூன்று வாரங்களாக என்னோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டுள்ளன. காலையில் சட்டைப் பொத்தான் போடும்போது முனகுகின்றன. அச்சகத்தில் காகிதக் கட்டைத் தூக்கும்போது முழங்குகின்றன. முனகட்டும், முழங்கட்டும்! இரண்டரை மணி நேரம் ஓயாமல் டிரம்ஸ் அடித்த கைகளுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

நேற்று நீ தொலைபேசியில் அழைத்தாய். எடுத்தேன். நீ பேசினாயா, வாய் கொப்பளித்தாயா என்று எனக்கு விளங்கவில்லை. இந்தத் தொலைபேசி பழுது. இதற்கு முன் வைத்திருந்ததும் பழுது. மகள் வாங்கித் தந்தது, பெட்டியைப் பிரித்த அன்றே பழுது. ஆகவே இனி எனக்குச் செய்தி என்றால் தாளை எடு, பேனாவை எடு, எழுது. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுதும் ஊரார் கண்ணுக்கு எழுத்துக் காட்டுகிற உனக்கு, மச்சான் கண்ணுக்கு நாலு வரி எழுதவா நேரமில்லை?

நிகழ்ச்சியை எண்ணும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்கிறது. கிதாருக்கு நீ, பாட்டுக்குச் சங்கு, பேஸ் கிதாருக்குத் தூண், டிரம்ஸுக்கு நான். நால்வருக்கும் சேர்த்து வயது இருநூற்று நாற்பத்தாறு. 'இரும்புமழை' என்று பெயர் சூட்டி, ராக் இசையின் வன்மையை மேடைதோறும் கொட்டித் தீர்த்து முப்பத்து நான்கு ஆண்டுகள்! 'இவங்க இன்னுமா கத்துறாங்க?' என்று ஏளனம் பேசியவர்களுக்கு, மூவாயிரம் பேர் நிறைந்த அரங்கம் அன்று விடை சொல்லிற்று. ஏழு கேமராக்கள் சுற்றி நின்று நம்மைப் படம் பிடித்தன. வரமுடியாத அன்பர்களின் வீட்டுக் கூடத்துக்குள்ளும் இனி நாம் இடி இடிக்கப்போகிறோம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். வெளிவரப்போகும் அந்த ஒளித்தட்டில் மற்ற இரண்டரை மணி நேரம் எப்படியேனும் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு வேண்டியது இறுதிப் பாட்டின் நிறுத்தம் ஒன்றுதான். பேரோசையால் முடிக்காத ராக் குழு உண்டா? நாம் அமைதியால் முடிக்கிறோம். நால்வரும் ஒரே வெட்டில் நிற்கிறோம். நான் குச்சியை உயர்த்திப் பிடிக்கிறேன். இறக்கும் கணம் எதுவென்று எனக்கு மட்டுமே தெரியும். வழக்கமாக நான்கு நொடி. அன்று ஒன்பது நொடி பிடித்தேன், மாப்பிள்ளை! அப்படியோர் அமைதியை நான் வாழ்நாளில் கண்டதில்லை. மூவாயிரம் பேர் மூச்சடக்கி நின்றார்கள். பிறகு அடித்தேன் பார், அந்த ஓர் அடி! அறுபத்து மூன்று வயதில் ஒரு மனிதனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒலிக்கலவை வேலையை நீயே முன்னின்று பார்ப்பதாகச் சங்கு எழுதியிருந்தான். மகிழ்ச்சி. அந்த ஒன்பது நொடியைத் தொடாதே. மற்றதெல்லாம் உன் விருப்பம்.

என்றும் உன்,
மச்சான்

---

பிப்ரவரி 17

அன்பு மச்சானுக்கு,

வணக்கம். தங்கள் முழங்கைகளுக்கும் என் தனி வணக்கம்.

கடிதத்தை உங்கள் தங்கையிடம் படித்துக் காட்டினேன். தொலைபேசிப் பகுதி வந்ததும் அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "எங்க அண்ணனுக்குக் காது கேக்காதுன்னு ஊருக்கே தெரியும். அவரு ஒருத்தருக்குத்தான் தெரியாது. இன்னும் எத்தனை போனை மாத்துவாராம்?" என்றாள். நான் சொன்னதாக எண்ணிவிடாதீர்கள். உங்கள் உடன்பிறப்பு சொன்னது. என் கடைக்கு அடுத்த கட்டடத்தில் காது மருத்துவர் ஒருவர் புதிதாக வந்திருக்கிறார் என்பதை மட்டும் நான் சொல்கிறேன். அவரும் நல்லவர், காத்திருக்கும் இடத்தில் நாற்காலிகளும் நல்லவை.

ஒலிக்கூடத்து வேலை ஏறத்தாழ முடிந்தது. கடை அடைத்த பிறகு அங்கே போய் ஒலிப்பொறியாளருக்குப் பக்கத்தில் உட்காருவேன். சங்கு மூன்றாம் பாட்டில் ஒரு வரியை மறந்து, முன் வரியையே மறுபடி பாடியிருக்கிறான். "வயசானவங்க சொன்னதையே சொல்றது சகஜந்தானே சார், இருக்கட்டும்" என்றார் பொறியாளர். இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். தூண் இரண்டரை மணி நேரத்தில் ஒருமுறைகூடக் கேமராவைப் பார்க்கவில்லை. அவனைப் பிடிக்கவென்று நிறுத்திய கேமராவில் அவன் முதுகுதான் நிறைய இருக்கிறது. உங்கள் டிரம்ஸைப் பற்றிப் பொறியாளர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சார், இந்த மனுஷன் மேசை மேல கைய வச்சாலே மேசை பயந்துரும்போல!"

நிறுத்தத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பாருங்கள், உங்களுக்கே தெரியும். ஓர் ஈ பறக்கும் ஓசைகூட அதில் இராது.

முன்னோட்டத் தட்டு ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். நீங்கள் பார்த்து, சரி என்று ஒரு வரி எழுதினால், மாத இறுதிக்குள் நிறுவனத்தார் ஆயிரக்கணக்கில் தட்டுகளை அழுத்தி எடுக்கத் தொடங்குவார்கள்.

அக்காவுக்கு என் அன்பு.

பணிவுடன்,
மாப்பிள்ளை

---

மார்ச் 2

மாப்பிள்ளை,

அன்பு, அருமை ஆகிய சொற்கள் இந்த முறை கிடையா. கேள்.

ஞாயிறு பிற்பகல். கூடத்தில் நானும் உன் அக்காவும். ஒளித்தட்டைப் போட்டேன். முப்பது ஆண்டுகளாக நான் அச்சு இயந்திரங்களின் பழுது பார்ப்பவன். இயந்திரம் ஓடும்போது அதன் விலாவில் உள்ளங்கையை வைத்தால், உள்ளே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று என் கை சொல்லும். காதைவிடக் கையை நம்பிப் பிழைத்தவன் நான். ஆகவே ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நம் நிகழ்ச்சியைப் பார்த்தேன். ஆகா! நீ வாசித்தது விரல் நுனியில் ஓடிற்று. தூண் வாசித்தது மணிக்கட்டில் ஏறிற்று. என் அடி ஒவ்வொன்றும் திரையில் விழும்போதே உள்ளங்கையிலும் விழுந்தது. கண்ணும் கையும் ஒத்துப்போயின, ஓரிடம் தவிர.

நிறுத்தம் வந்தது. நால்வரும் நின்றோம். என் குச்சி உயர்ந்து நின்றது. அப்போது படம் மாறுகிறது. கீழே தரையோடு வைத்திருந்த ஏழாவது கேமரா. அதில் என் வலக்கால். பெரிய டிரம்மின் மிதியில் அது ஏறி இறங்குகிறது. ஒன்று, இரண்டு, மூன்று! மிதிக்கோல் தோலில் போய் முட்டுவதைக் கண்ணால் பார்க்கிறேன். கையில் ஒன்றுமில்லை. பிணத்தின் மார்பில் கை வைத்ததுபோல் பெட்டி கிடக்கிறது.

திருப்பிப் போட்டேன். மறுபடி திருப்பிப் போட்டேன்.

"ஏதாவது கேக்குதா உனக்கு?" என்று உன் அக்காவைக் கேட்டேன்.

"ஒண்ணும் கேக்கலையே. அமைதியாத்தான் இருக்கு."

"காலைப் பாரு!"

பார்த்தாள். "ஆமா, காலு ஆடுது, சத்தம் வரல. பேய்க்காலா உங்களுது?" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

கேட்கிறேன், விடை சொல். அந்த நிறுத்தத்தில் என் கால் ஓசை எழுப்பிற்றா, இல்லையா? எழுப்பிற்று என்றால், எத்தனை நாளாக? மேடையில் நின்ற மூவரும் அதைக் கேட்டுக்கொண்டேதான் நின்றீர்களா? கேட்டும் கேளாதவர்போல் என் முகத்தைப் பார்த்துப் புன்னகைத்தீர்களா? அதை அழித்த கை எவருடைய கை?

செவி தளர்ந்தவனைச் செவிவழியே ஏமாற்றுவது எளிது என்று கணக்குப் போட்டாயா? தவறு செய்தவனுக்குத் தவற்றைச் சொல்லாமல் மறைப்பதற்குப் பெயர் அன்பா? அவனை ஆட்டத்திலிருந்து நீக்கிவிட்டு, ஆடுவதாக அவனை நம்பவைப்பதற்கு வேறு பெயர் இல்லையா? முப்பத்து நான்கு ஆண்டு நட்பில் நீ எனக்குச் செய்த முதல் பொய் இது. முதல் பொய்தானா என்பதும் இனி எனக்குத் தெரியாது.

சரி என்ற ஒரு வரி கேட்டாய். சரியில்லை. இதுதான் என் வரி. அந்தத் தட்டு அப்படியே வெளிவருமானால், வேறு டிரம்ஸ்காரனைத் தேடிக்கொள்ளுங்கள்.

உன் மனைவியின் அண்ணன்

---

மார்ச் 8

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

நீங்கள் விலக்கிய சொல்லை நான் விலக்க மாட்டேன். அன்பு மச்சானுக்கு.

எல்லாவற்றுக்கும் விடை ஆம். அழித்த கை என் கை.

நிறுத்தத்தில் உங்கள் கால் எண்ணத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முன்பெல்லாம் மனத்துக்குள் எண்ணினீர்கள். பிறகு அந்த எண்ணிக்கை எப்படியோ காலுக்கு இறங்கிவிட்டது. மெல்லிய ஓசைதான், உங்களை எட்டவில்லை, எங்களை எட்டிற்று. முதல்முறை நடந்தபோது மேடைக்குப் பின்னால் மூவரும் பேசினோம். சொல்லிவிடலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். "எதுக்குடா சொல்லணும்? அந்த ஒரு இடத்துலதான் மனுஷன் ராஜா மாதிரி உக்காந்திருக்காரு. கேக்குறவன் கேட்டுக்கட்டும்" என்றான் சங்கு. தூண் தன் கிதாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். அவன் எப்போது கருத்துச் சொல்லியிருக்கிறான்? நானும் வாயை மூடிக்கொண்டேன். அதன்பின் ஒவ்வொரு மேடையிலும் உங்கள் முகத்தைப் பார்த்துப் புன்னகைத்தோம். அந்தப் புன்னகை பொய்யில்லை. அதுவொன்றை நம்புங்கள்.

இனி, உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சொல்லியிருக்க வேண்டியதை இத்தனை நாள் கழித்துச் சொல்கிறேன்.

அன்று நீங்கள் பிடித்த ஒன்பது நொடி அமைதி அங்கே இல்லவே இல்லை. உங்கள் கால் மூன்று முறை மிதித்தது. நான்காம் மிதிக்கு, முன்வரிசையில் நின்ற அறுபது வயது அம்மாள் ஒருவர் தம் காலால் தரையைத் தட்டினார். ஐந்தாம் மிதிக்கு அவரைச் சுற்றி நின்றவர்கள் தட்டினார்கள். ஆறாம் மிதிக்கு மாடி தட்டியது. ஏழு, எட்டு, ஒன்பது! மரத்தளம் போட்ட அரங்கம், மச்சான்; நம் மேடை மட்டும் தனிக் கான்கிரீட், அதனால்தான் அந்த அதிர்வு உங்களை எட்டவில்லை. மூவாயிரம் பேர் உங்கள் வலக்காலின் பின்னால் ஒரே தாளத்தில் நடந்தார்கள். குச்சியை உயர்த்தியபடி கண்ணை மூடியிருந்தீர்கள். எதுவும் தெரியாமல், ஓர் அரங்கையே காலில் கட்டி இழுத்துக்கொண்டிருந்தீர்கள். தூணைப் பார்த்தேன். அவன் அழுதுகொண்டிருந்தான். கேமராவுக்கு முதுகு காட்டியதால் அது பதிவாகவில்லை.

ஒளித்தட்டு நிறுவனத்தின் மேலாளர் அதைக் கேட்டுவிட்டு, "இதென்ன சார், டொம்மு டொம்முன்னு? வாங்குறவங்க தட்டுல கோளாறுன்னு திருப்பிக் கொண்டாந்துருவாங்க" என்றார். அவருக்காக நான் பணியவில்லை. அதை வைத்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் அந்த ஒன்பது நொடியை நீங்கள் இழந்துவிடுவீர்கள், ஆகவே அழித்தேன். நிகழ்ச்சிக்கு முன், ஆள் வராத அரங்கில் பொறியாளர் சும்மா பதிவு செய்து வைத்திருந்த வெற்று ஒலியை எடுத்து, உங்கள் கால் இருந்த இடத்தில் ஒட்டினேன். நீங்கள் கை வைத்துப் பார்த்தது காலி நாற்காலிகளின் அமைதி.

ஒலியைச் செப்பனிடும்போது திரையை அணைத்துவிடுவது அங்கே வழக்கம். கண் பார்த்தால் காது சோம்பிப்போகும் என்பார்கள். அதனால் ஏழாவது கேமராவை நான் பார்க்கவே இல்லை. கண்ணாடிக் கடைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை பல்லிளித்துவிட்டது.

தட்டு அழுத்தும் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அழித்தது பத்திரமாக இருக்கிறது. மீட்டு வைப்பதும் விடுவதும் உங்கள் சொல்லில் இருக்கிறது. வேறு டிரம்ஸ்காரரைத் தேட எங்களுக்குத் தெரியாது. அப்படியொரு தேவை வரும் என்று மூவரும் எண்ணிப் பார்த்ததே இல்லை.

குற்றமுள்ள,
மாப்பிள்ளை

---

மார்ச் 20

அன்பு மச்சானுக்கு,

பன்னிரண்டு நாளாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உங்கள் தங்கை என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டுவிட்டாள். சோற்றைப் போட்டுவிட்டுக் கண்ணைக் காட்டுகிறாள், நான் சாப்பிடுகிறேன். "எங்க அண்ணன்கிட்டேருந்து காயிதம் வந்தாத்தான் இந்த வீட்ல பேச்சு" என்று நேற்றுத் தீர்ப்பு வழங்கியிருக்கிறாள்.

இன்னொரு செய்தி. நிறுவனத்து மேலாளர் இறங்கி வந்திருக்கிறார். காலோசையை மீட்டு வைப்பதானால் வைக்கலாம். ஆனால் அட்டையின் பின்புறம் ஒரு குறிப்புப் போட வேண்டும் என்கிறார். அவர் எழுதிக் கொடுத்த வாசகம் இது: 'இறுதிப் பாடலில் கேட்கும் ஓசை, நேரடி நிகழ்ச்சியில் நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறு.' தாளை நான்காய்க் கிழித்து அவர் மேசைமேலேயே வைத்துவிட்டு வந்தேன். "ஏன் சார் கோவிச்சுக்குறீங்க, அப்போ நீங்களே ஒண்ணு எழுதிக் கொடுங்க" என்றார். என்னால் எழுத முடியவில்லை. எதை எழுதினாலும் உங்களைக் காட்டிக்கொடுப்பதாக இருக்கிறது. உங்களைக் காட்டிக்கொடுக்காமல் எழுதினால் மறுபடியும் பொய்யாக இருக்கிறது.

முப்பத்தொன்றாம் தேதி வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அமைதியான தட்டே போய்விடும்.

திட்டியாவது எழுதுங்கள்.

மாப்பிள்ளை

---

மார்ச் 25

அருமை மாப்பிள்ளைக்கு,

என் தங்கையிடம் இக்கடிதத்தை உடனே காட்டு. உனக்குப் பேச்சு கிடைக்கட்டும்.

சினத்தால் எழுதாமலிருந்தேன் என்று எண்ணாதே. சினம் மூன்றாம் நாளே வடிந்துவிட்டது. வெட்கம்தான் வடியவில்லை. இரண்டு ஆண்டுகள்! எத்தனை மேடைகள்! நான் அரசன்போல் வீற்றிருந்த இடத்திலெல்லாம் நீங்கள் மூவரும் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். தாங்கப்படுகிறோம் என்று தெரியாமல் தாங்கப்படுவது எவ்வளவு பெரிய கொடை என்பதும், எவ்வளவு பெரிய அவமானம் என்பதும் ஒரே நேரத்தில் எனக்கு விளங்கிற்று. இரண்டையும் சேர்த்து விழுங்கப் பன்னிரண்டு நாள் போதவில்லை.

பிறகு உன் அக்கா ஒரு காலை என் சட்டையை எடுத்துக் கட்டில்மேல் எறிந்தாள். "கிளம்புங்க. இனிமே இந்த வீட்ல நான் கத்திக் கத்திப் பேச முடியாது. எனக்கும் தொண்டைன்னு ஒண்ணு இருக்கு" என்றாள். கிளம்பினேன். உன் கடைக்குப் பக்கத்து மருத்துவரிடம் போக மானம் இடம் தரவில்லை. எங்கள் பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறார். கண்ணாடிக் கூண்டுக்குள் என்னை உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார். ஓசை கேட்டால் அழுத்த வேண்டுமாம். அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெண் மருத்துவர் வந்தார். "ஐயா, நான் இன்னும் சத்தமே குடுக்கல. நீங்க என்ன, தாளம் போடுறீங்களா?" என்றார். அப்போதுதான் பார்த்தேன், கால்கூட ஆடிக்கொண்டிருந்தது! அந்த அம்மாள் சிரித்தார், வெளியே நின்ற உன் அக்கா சிரித்தாள், நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் வெட்கம் பாதி குறைந்திருந்தது.

முடிவைச் சொல்கிறேன். வலச்செவி ஏறத்தாழ இல்லை. இடச்செவியில் கொஞ்சம் எஞ்சியிருக்கிறது. கருவி மாட்டினால் பேச்சு ஓரளவு கேட்குமாம். மேடையில் அதைக் கழற்றிவிட வேண்டுமாம். டிரம்ஸ் அடிக்கலாமா என்று கேட்டேன். "இதுக்கு மேல கெட்டுப்போக அங்க பெருசா ஒண்ணும் மிச்சம் இல்லை. தாராளமா அடிங்க" என்றார். இத்தனை இனிமையாக எவரும் எனக்குக் கெட்ட செய்தி சொன்னதில்லை.

ஆகவே குழுவை விட்டு நான் போகவில்லை. போகச் சொன்னாலும் போவதாக இல்லை. ஜூன் மாத நிகழ்ச்சிக்கு ஒத்திகை எப்போது என்று சங்கை எழுதச் சொல்.

இப்போது ஒளித்தட்டு. மாப்பிள்ளை, என் காலை நீ அழித்ததை மன்னித்துவிட்டேன். அது என் கால்; என் மன்னிப்புப் போதும். ஆனால் மூவாயிரம் பேர் கால்களை அழித்தாயே, அவர்களிடம் கேட்டாயா? அந்த அறுபது வயது அம்மாள் வீட்டில் ஒளித்தட்டைப் போட்டுப் பார்ப்பார் அல்லவா? தாம் தட்டிய தரை எங்கே என்று தேடுவார் அல்லவா? காலி நாற்காலிகளின் அமைதியை அவருக்குக் கொடுத்து, நீ அன்று அங்கே இல்லை என்று சொல்லப்போகிறோமா? எடு அந்த வெற்று ஒலியை! வை என் காலை! வை அவர்கள் கால்களை! ஒன்று முதல் ஒன்பது வரை ஒரு மிதியும் குறையக்கூடாது. வெளிவந்ததும் பெட்டிமேல் இரு கைகளையும் வைத்து நான் எண்ணிப் பார்ப்பேன்.

எனக்குக் கிடைத்தது அமைதி என்று எண்ணி மகிழ்ந்தேன். அதைவிடப் பெரியது கிடைத்திருக்கிறது. கேட்காமல் போனதில் வருத்தம் உண்டு. கொஞ்சம் உண்டு. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அட்டைக் குறிப்புக்காக நீ தவிக்க வேண்டாம். என்னைக் காட்டிக்கொடுக்கும் வேலையை நானே செய்கிறேன். கோளாறு என்ற சொல் எங்கும் வரலாகாது. பாட்டுகளின் பெயர்களுக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், ஒரு புள்ளியும் மாற்றாமல் இதை அச்சிடச் சொல்:

'இறுதிப் பாடலின் நிறுத்தத்தில் முதலில் கேட்பது டிரம்ஸ் கலைஞரின் வலக்கால். அடுத்துக் கேட்பவை மூவாயிரம் பேரின் கால்கள். கலைஞருக்கு இரண்டும் கேட்கவில்லை. கேட்கும் செவியுள்ளோர் ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்கவும்.'

என்றும் உன்,
செவிட்டு மச்சான்